இஸ்தாமின் முப்பத்தைந்து நிமிடம்

புகாராவில் எங்கள் யூதத் தெரு விழிப்பது இஸ்தாம் காந்தோவாவின் தொலைபேசி அழைப்பால். காலை ஆறு மணிக்கு அவர் ஒவ்வொரு வீடாக அழைக்கத் தொடங்குவார். பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை.

"போருக், எழுந்தாச்சா? பொய் சொல்லாதே, கட்டில் கிறீச்சிடுறது இங்க வரைக்கும் கேக்குது."

"முழங்கால் வலிக்குதுக்கா."

"ஜெபக்கூடத்துல உட்காரத்தான் கூப்பிடுறேன், ஓடுறதுக்கு இல்ல. ஏழு மணிக்கு வந்துடு."

ஆடவர் பதின்மர் கூடாமல் எங்களிடையே பொதுத் தொழுகை இல்லை. எங்கள் மறைநூலாகிய தோராச் சுருளைப் பேழையிலிருந்து எடுக்கலாகாது. இறந்தோர்க்காகச் சொல்லும் புகழுரையைச் சொல்லலாகாது. ஒன்பதின்மர் உருகி உருகித் தொழுதாலும் அது ஒன்பது தனியரின் தொழுகையே. அந்தப் பத்தில் பெண்கள் எண்ணப்படுவதில்லை. பதின்மரையும் கூட்டி வைப்பவர் பத்தில் ஒருவராக இல்லாதது எனக்கு நெடுங்காலம் உறுத்தலாக இருந்தது. ஒருமுறை அதை அவரிடமே சொன்னேன். "நானும் அதுல சேர்ந்துட்டா உங்களை யாரு எழுப்புறது?" என்று கேட்டுவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினார்.

பத்தொன்பது வயதில் நகரத் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். காதில் கருவியும் எதிரே அழைப்புகளை இணைக்கும் துளைப்பலகையுமாக முப்பத்தோராண்டு அங்கே அமர்ந்திருந்தார். எங்கள் மக்கள் வீடு வீடாகப் பூட்டிவிட்டு அயல்நாடுகளுக்குப் புறப்பட்ட காலத்தில், குயீன்ஸிலிருந்தும் ஹோலோனிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் வந்த அழைப்புகளெல்லாம் அவர் விரல் வழியாகவே எங்கள் வீடுகளை எட்டின. யார் எங்கே குடியேறினார், யாருக்கு வேலை கிடைத்தது, யார் அழுதார் என்பதெல்லாம் அவர் அறிவார். அறிந்ததை வெளியே சொல்லாமையே அவர் வேலையின் அறம்.

கணவர் மறைந்தார். மகள்கள் இருவரும் ஹோலோனுக்குப் போனார்கள். வாரந்தோறும் அவர்கள் தாயை அழைப்பார்கள். வாரந்தோறும் அவர் விடை ஒன்றே. "நான் அங்க வந்துட்டா, அங்கேருந்து இங்க கூப்பிடுறவங்களுக்கு யாரு எடுப்பா?" அது சாக்கு அன்று. தந்தையின் கல்லறைக்கல் சாய்ந்துவிட்டதா என்று வியன்னாவிலிருந்து ஒருவர் கேட்பார். இஸ்தாம் இடுகாட்டுக்கு நடந்துபோய்ப் பார்த்துவந்து சொல்வார். பாட்டனார் வீட்டுக் கதவின் நிறம் என்ன என்று குயீன்ஸிலிருந்து ஒரு பெண் கேட்பாள். படம் எடுத்து அனுப்புவார். ஒரு வீட்டின் பொருட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் பேசாதிருந்த உடன்பிறந்தார் இருவர், ஒருவர் வியன்னாவிலும் ஒருவர் குயீன்ஸிலுமாக இருந்தனர். இருவரையும் ஒரே இணைப்பில் கூட்டி, "ரெண்டு பேரும் லைன்ல இருக்கீங்க. நான் வெச்சிடுறேன்," என்று சொல்லித் தாம் விலகிக்கொண்டார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று அவர் கேட்கவேயில்லை.

ஆனால் அவர் காத்த மௌனங்களுள் ஒன்று முள்ளாகவே நின்றது.

தொண்ணூற்று நான்காம் ஆண்டில், முடிதிருத்துபவரான நிசோனின் தாய் ஹோலோனில் இறந்தார். தொலைவில் இருப்பவனைத் துயர்ப்படுத்தாதிருக்க இறப்பை மறைப்பது எங்களிடையே உள்ள வழக்கம். "நிசோனுக்குச் சொல்லவேண்டாம்" என்று உறவினர் இங்கிருந்த ஒருவருக்குச் சொன்ன சொல் இஸ்தாமின் காது வழியாகவே சென்றது. அடுத்த நாற்பது நாளும் அவர் நிசோனின் கடையைக் கடந்தே வேலைக்குப் போனார், வணக்கம் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. நாற்பதாம் நாள் நிசோனுக்குத் தெரிந்தது. முப்பது நாள் கழிந்து கேட்கும் இறப்புக்கு எங்கள் நெறியில் ஏழு நாள் துக்கம் இல்லை. ஒரு நாழிகை தரையில் அமர்ந்தெழுந்தால் போதும். பெற்ற தாய்க்காக நிசோன் ஒரு நாழிகை மட்டுமே அமர்ந்தார். அதன்பின் ஓராண்டு இஸ்தாமின் வணக்கத்துக்கு அவர் மறுவணக்கம் சொல்லவில்லை.

சென்ற குளிர்காலத்தில் நிசோனின் அண்ணன் ஹிஸ்கியோ நுரையீரல் நோயால் மருத்துவமனையில் சேர்ந்தார். தொலைபேசியில் பேச நிசோனின் காது ஒத்துழைப்பதில்லை. ஆகவே மருத்துவமனையில் இஸ்தாமின் எண்ணைத் தந்துவிட்டு நேரே அவர் வீட்டுக்கு வந்தார்.

"யாரு கூப்பிட்டாலும் அந்த நிமிஷமே எங்கிட்ட வந்து சொல்லணும், இஸ்தாம். தூங்கினா எழுப்பு. சாப்பிட்டா தட்டை நகர்த்து. என் நல்லதுக்குன்னு மட்டும் எதையும் மறைச்சிடாதே."

"சொல்றேன் அண்ணே."

"சொல்றேன்னா?"

"அந்த நிமிஷமே சொல்றேன். சத்தியம்."

அவ்வாரமே உலகெங்கும் சிதறிய புகாரா யூதரின் மாமன்றத்திலிருந்து இருவர் வந்தனர். அடுத்த இருபதாண்டுகளுக்கு எல்லா நகரங்களுக்கும் சேர்த்து மாமன்றம் ஒரு திட்டம் வகுத்துக்கொண்டிருந்தது: எங்கே பள்ளி, எங்கே ஆசிரியர், எந்தச் சுருள் எந்த ஊரில். ஒரு சாதாரண வியாழக்கிழமை காலையில் தன் சொந்த ஆடவர் பதின்மரைக் கூட்டிச் சுருளை வாசிக்கக்கூடிய ஊருக்கு ஆசிரியர் குடும்பம் ஒன்று வரும்; சுருள்கள் அங்கேயே இருக்கும். கூட்ட முடியாத ஊரின் சுருள்கள் குயீன்ஸில் எழும்பும் புதிய கூடத்துக்குப் போகும். வந்த விருந்தினரை எண்ணலாகாது. பக்கத்து ஊரிலிருந்து ஆள் கொணரலாகாது.

வந்தவர்களில் ஒருவர் ரோஷேல், எங்கள் தெருவிலேயே பிறந்து பன்னிரண்டு வயதில் குயீன்ஸுக்குப் போனவர், கட்டடத் தொழில் செய்பவர், கறாரானவர். மற்றவர் வியன்னாவில் மருத்துவராக இருக்கும் ரேனா.

எங்களிடம் பதினொரு பெயர்கள் இருந்தன. ஒருவர் கண் அறுவைக்காகத் தாஷ்கந்துக்குப் போயிருந்தார். எஞ்சியது சரியாகப் பத்து. நானும் அதில் ஒருவன்.

வியாழன் காலை உறைபனி. ஏழு மணிக்கு முன்பே ஒவ்வொருவராக உள்ளே வந்து தொழுகைக்குரிய தோல்வாரை நெற்றியில் கட்டி இடக்கையில் சுற்றிக்கொண்டோம். நிசோன் முந்தைய நாள் மாலைதான் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "சூப் கேட்டாரு. உப்பு பத்தலைன்னு திட்டினாரு. பொழைச்சுக்குவாரு," என்று எல்லோரிடமும் சொன்னார். ரோஷேல் பின்சுவரை ஒட்டி, கையில் தாளோடு தனியே நின்றார். திரைக்கு அப்பால், பெண்கள் பகுதியில், இஸ்தாமும் ரேனாவும் இருந்தார்கள்.

ஏழு ஐந்துக்கு இஸ்தாமின் தொலைபேசி அதிர்ந்தது.

திரைக்குப் பின் நடந்ததை ரேனா பின்னர் சொல்லவே அறிந்தேன். இஸ்தாம் எடுத்தார்; "சரி," என்றார்; "எத்தனை மணிக்கு?" என்றார், "சரி," என்றார்.

"ஆஸ்பத்திரியா?" என்று ரேனா தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆமா. ஹிஸ்கியோ போயிட்டாரு."

"தம்பிகிட்ட சொல்லலையா?"

சொன்னால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். உடன்பிறந்தான் இறந்த செய்தி காதில் விழுந்த கணமே, அடக்கம் முடியும்வரை, ஒருவன் தொழுகையிலிருந்து விலக்கப்பட்டவன். தோல்வார் அணியான், பத்தில் எண்ணப்படான். செய்தி விழாதவரை அவன் மற்றவரைப் போன்றவனே. ஆகவே அந்த ஒரு வாக்கியம் திரையைத் தாண்டினால் எங்கள் பத்து ஒன்பதாகும், பேழை திறவாது, சுருள்கள் ஊரைவிட்டுப் போகும், நான்கு வீடுகளில் ஆசிரியருக்காகக் காத்திருக்கும் ஏழு குழந்தைகள் காத்தபடியே இருப்பார்கள். தாண்டாவிட்டால், கொடுத்த சத்தியம் பொய்யாகும்.

"ஒரு மணி நேரம்தானே," என்றார் ரேனா. "சாவுச் செய்தியை ஓடிப்போய்ச் சொல்லணும்னு சட்டம் இல்லையே அக்கா."

"சட்டம் இல்ல. நான் சொன்ன வாக்கு இருக்கு."

"அப்படின்னா சொல்லிடுங்க."

"சொல்லுறதுக்குத்தான் வாயைத் தொறக்குறேன். வரமாட்டேங்குது."

நாங்கள் திரைப்பக்கம் பார்ப்பதைக் கண்டு நிசோனும் அங்கே திரும்பியதை நான் பார்த்தேன். திரையின் இடைவெளியில் இஸ்தாமின் முகம் தெரிந்தது. அவர் நிசோனைப் பார்க்கவில்லை. சுருளை வாசிப்பவராகிய அம்னேரைப் பார்த்தார். "அம்னேர், நேரமாச்சு. எண்ணு," என்றார். நிசோன் மீண்டும் நூலின் மேல் குனிந்தார்.

மனிதரை எண்ணால் எண்ணுவது எங்களிடம் இல்லை. பத்துச் சொற்களால் ஆன ஒரு மன்றாட்டு வரி உண்டு. ஆளுக்கு ஒரு சொல்லாக அதைச் சொல்லிச் செல்வதே எண்ணுதல். அம்னேர் எங்கள் முன் நடந்தார். ஒவ்வொரு சொல்லும் ஒருவர்மேல் விழுந்தது. ரோஷேலின் பேனா ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கோடு இழுத்தது. கடைசிச் சொல் நிசோன்மேல் விழுந்தது.

"பத்து," என்று ரோஷேல் தாளைப் பார்த்தபடி சொன்னார். அந்தக் கூடத்தில் யாரும் எண்ணைச் சொல்வதில்லை என்பதை அவர் மறந்திருந்தார்.

"குயீன்ஸ்ல ஆட்டை எண்ணுற மாதிரி எண்ணுவாங்க போல," என்று போருக் முணுமுணுத்தார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பேழை திறந்தது. சுருளை மேடைமேல் வைத்தோம். வியாழனன்று மூவர் அழைக்கப்படுவார்கள். முதலாமவர் வாழ்த்துரைத்தார், அம்னேர் வாசித்தார். இரண்டாமவரும் ஆயிற்று. இஸ்தாம் திரையருகே வந்து நின்றுகொண்டிருந்தார். திரைத்துணியை அவர் விரல்கள் இறுகப் பிடித்திருந்தது எங்கள் பக்கத்திலிருந்தே தெரிந்தது. இன்னும் கால்மணி நேரம். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். முடிந்ததும் முதல் ஆளாக நிசோனின் கையைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று அவர் தமக்குள் கணக்கிட்டிருக்க வேண்டும்.

மூன்றாமவராக அம்னேர் அழைத்தது நிசோனை.

அவர் வாழ்த்துரைத்தார். வாசிப்பு முடிந்தது. மேடையேறியவர் தம் வீட்டு நோயாளிக்காக வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். நோயாளியின் பெயரைத் தாயின் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"பேரு?" என்றார் அம்னேர்.

நிசோன் நிமிர்ந்தார். அன்று காலை அவர் குரலில் தெளிவு இருந்தது. "ஹிஸ்கியோ. சிவியோவோட மகன்."

அம்னேர் கண்ணை மூடி, இறைவனின் திருப்பெயரை உச்சரிக்க வாய் திறந்தார்.

நடந்து முடிந்ததை நடவாததாக்கும்படி வேண்டுவது வீண் மன்றாட்டு என்பார்கள் எங்கள் முன்னோர். புகையைக் கண்டபின், அது தன் வீடாக இராதிருக்கட்டும் என்று வேண்டலாகாது. அவனை அழைத்து, அவன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டதை அவனிடமே கேட்பது அவன் பெயரை மண்ணில் எறிவதற்கு ஒப்பாகும். முப்பத்தைந்து நிமிடம் மனிதரிடம் வாய்மூடியிருந்த இஸ்தாமால் இதைத் தாங்க இயலவில்லை.

"நிறுத்து!" என்ற குரல் திரையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "அம்னேர், அந்தப் பேரைச் சொல்லாதே. ஆரோக்கியத்துக்குச் சொல்லாதே."

நிசோன் மெல்லத் திரும்பினார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"எப்போ?"

"விடியக்காலை. எனக்குச் சொன்னது ஏழு அஞ்சுக்கு."

சுவர்க் கடிகாரத்தை நிசோன் பார்த்தார். ஏழு நாற்பது.

"முப்பத்தஞ்சு நிமிஷம்," என்றார். "போன தடவை நாப்பது நாள். பரவாயில்ல, தேறியிருக்கே."

அவர் நெற்றியிலிருந்தும் கையிலிருந்தும் தோல்வாரை அவிழ்த்தார். ஏழு சுற்றும் அவிழ நெடுநேரமாயிற்று. ஒவ்வொரு சுற்றின் கீழும் தோலில் சிவந்த தடம் தெரிந்தது. அதை மடித்துப் பையில் வைத்து, மேலங்கியை மாட்டிக்கொண்டு, திரைப்பக்கம் திரும்பாமலே வெளியேறினார்.

ரோஷேலின் பேனா தாளுக்கு மேலே நின்றது. அம்னேர் சொன்னார்: "பத்துப் பேரோட ஆரம்பிச்சது. பாதிக்கு மேல இருக்கோம். முடிக்கலாம்னு நெறி இருக்கு." முடித்தோம். சுருளைப் பேழைக்குள் வைக்கையில் போருக் அழுதுகொண்டிருந்தார்.

வெளியே முற்றத்தில் இஸ்தாம் பனிமேல் நின்றிருந்தார். ரோஷேல் அவரிடம் போனார். நாங்கள் சுற்றி நின்றோம்.

"காலையில உங்களை ஏமாத்திட்டேன்," என்றார் இஸ்தாம். "எண்ணும்போது எனக்குத் தெரியும். எழுதிக்கங்க."

"சட்டப்படி அவருக்குத் தெரியாது. எண்ணிக்கை செல்லும்."

"செல்லுதான்னு நான் கேக்கல. தெரியும்னு சொல்றேன்."

ரோஷேல் தாளை மடித்தார். "அடக்கம் முடியட்டும். அப்புறம் பேசலாம்."

பிற்பகலில் இடுகாட்டில் நிலம் கல்லாய் இறுகியிருந்தது. குழி வெட்டுவோரோடு ரோஷேலும் மேலங்கியைக் கழற்றிவிட்டு இறங்கினார். மண்ணிட்டபோது மண்வெட்டியை அடுத்தவர் கையில் நீட்டினார். போருக் அதை வாங்கவில்லை. "கைக்குக் கை குடுக்காதே தம்பி. துக்கத்தைக் கையில மாத்தக்கூடாது. மண்ணுல குத்தி வெச்சிடு, நான் எடுத்துக்கிறேன்," என்றார். முகம் சிவந்த ரோஷேல் அதை மண்ணில் குத்தி நிறுத்தினார். பன்னிரண்டு வயதில் இந்த ஊரைவிட்டுப் போனவர் இந்த வழக்கத்தை இங்கே விட்டுப் போயிருந்தார்.

குழி மூடியது. விலக்கு நீங்கியது, நிசோன் மீண்டும் எண்ணத்தக்கவரானார். அம்னேர் அதே வரியைச் சொல்லி எண்ணினார். ரோஷேல், யாரும் சொல்லாமலே, பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். கடைசிச் சொல் மறுபடியும் நிசோன்மேல் விழுந்தது. அவர் அண்ணனுக்காகப் புகழுரையைச் சொன்னார். ஒன்பதின்மரும் "ஆமென்" என்றோம்.

திரும்பும் வழியில் ரோஷேல் இஸ்தாமோடு நடந்தார். ரேனாவும் நானும் ஓரடி பின்னே வந்தோம்.

"ஒரே ஒரு போன் வந்தா உங்க பத்து ஒன்பதாகிடுது அக்கா. இதை நம்பி ஒரு குடும்பத்தை நான் எப்படி அனுப்புறது? குழந்தைகளோட வருவாங்க."

"நியாயம்தான்."

"எதிர்த்துப் பேசுவீங்கன்னு நினைச்சேன்."

"எதுக்கு எதிர்க்கணும்? காலையில எனக்குப் பதினோராவது ஆள் ஒருத்தர் இருந்திருந்தா, நிசோன்கிட்ட அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன்." அவர் நின்றார். "நீங்க எப்பவும் சுருளைக் கேட்டு வர்றீங்க. ஆளை அனுப்புங்களேன். மாசத்துக்கு ஒருத்தர். குயீன்ஸ்லேருந்து ஒரு மாசம், வியன்னாவிலேருந்து ஒரு மாசம், ஹோலோன்லேருந்து ஒரு மாசம். அப்பா கல்லறை, தாத்தா கல்லறைன்னு ஆயிரம் பேர் என்னைக் கூப்பிடுறாங்க. வந்து பார்த்துட்டு ஒரு மாசம் காலையில எங்களோட நிக்கட்டும். எழுப்புறது என் பொறுப்பு."

"எல்லாரும் வேலைய விட்டுட்டு வருவாங்களா?"

"வருவீங்களான்னு அவங்ககிட்ட நீங்களும் கேக்கல. நானும் இன்னும் கேக்கல."

ரேனா சிரித்துவிட்டார். "வியன்னாவுக்கு நான் பொறுப்பு. எங்கண்ணன் வருவாரு. வரலைன்னா அவர் பல்லை நானே பிடுங்கிடுவேன்."

"நீங்க பல் டாக்டர் இல்லையே?" என்றார் ரோஷேல்.

"அதனாலதான் பயப்படுவாரு."

ஆள் அனுப்புவது பற்றி ரோஷேல் அன்று வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. மாமன்றத்தில் வைப்பதாகச் சொன்னார். மாலைக்குள் அம்னேரின் மேசையில் அவர் விட்டுச் சென்ற தாளில் நான்கு வரிகள் இருந்தன: சுருள்கள் ஓராண்டு இங்கேயே இருக்கும், ஆசிரியர் இப்போதைக்கு வரமாட்டார், குழந்தைகளுக்குத் இணையவழிப் பாடம் தொடங்கும், அடுத்த குளிர்காலத்தில் மறுபடி எண்ணப்படும். வெற்றி என்றும் சொல்ல முடியாது, தோல்வி என்றும் சொல்ல முடியாது. போருக் அதை இருமுறை படித்துவிட்டு, "எண்ணுறதுக்குன்னே பொறந்த ஊரு," என்றார்.

ஆனால் இஸ்தாம் அந்தத் தாளைப் படிக்க வரவில்லை. அடக்கம் முடிந்து திரும்பிய துக்கவீட்டார் தம் சொந்த உணவை முதலில் உண்ணலாகாது. அயலார் கொணர்ந்ததையே உண்ண வேண்டும். அவித்த முட்டைகளையும் ரொட்டியையும் தட்டில் வைத்துத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு அவர் நிசோனின் வாசலுக்குப் போனார். எங்களில் நால்வர் முன்பே உள்ளே அமர்ந்திருந்தோம். நிசோன் துக்க வழக்கப்படி கிழித்த சட்டையோடு தரையில் இருந்தார்.

இஸ்தாம் படியைத் தாண்டவில்லை. துக்கவீட்டில் வணக்கம் சொல்வதில்லை. "வேற யார் சமைச்சதாவது வேணும்னா அம்னேர் வீட்டுல சொல்றேன்," என்றார் கடைசியில்.

நிசோன் தட்டைப் பார்த்தார். அவர் மறுத்தால், இஸ்தாம் அந்தத் தெருவில் யாரையும் இனி அழைக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஊரை எழுப்பும் அந்தக் குரல் அந்த வாசலிலேயே நின்றுவிடும்.

"கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு நிக்காதே, குளிர் வருது," என்றார் நிசோன். கையை நீட்டினார். இஸ்தாம் உள்ளே வந்து தட்டை நீட்ட, ஒரு முட்டையை எடுத்து, ஓடு உரித்து, உப்பில்லாமல் கடித்தார்.

"உன்மேல கோவம் போகல."

"தெரியும் அண்ணே."

"போகும்னும் சொல்லல." மற்றொரு துண்டைக் கடித்தார். "அம்மாவுக்கு ஒரு நாழிகைதான் உட்கார்ந்தேன். அண்ணனுக்கு ஏழு நாளும் உட்காருவேன். ஒரு நிமிஷம் குறையக்கூடாது. காலையும் மாலையும் தொழுகை இந்த வீட்டுலதான். ஆளைக் கூட்டுறது உன் வேலை."

"ஏழு மணிக்கா?"

"ஏழுக்கு."

இஸ்தாம் தட்டைத் தரையில் வைத்தார். வாசலுக்கு வெளியே போய், பனியில் நின்றபடி, தொலைபேசியை எடுத்தார். உள்ளே போருக்கின் சட்டைப்பையில் மணி ஒலித்தது.

"போருக், நீ உள்ளதான் இருக்கேன்னு தெரியும். இருந்தாலும் சொல்றேன். நாளைக்கு ஏழு மணிக்கு."

போருக் தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்தார். நிசோன் தலை நிமிராமல் அடுத்த முட்டையை எடுத்தார்.